அக்கா பாடிய இசைத்தட்டு

எங்கள் அக்கா பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். கோயிலில் அவர் பாடத் தொடங்கினால், செருப்பு மாட்டிக் கிளம்பியவர்களும் திரும்பி உள்ளே வருவார்கள்.

எழுபதுகளில், கிள்ளானில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், அக்காவை முருகன் பாடல்கள் பாட வைத்து ஒரு தட்டு வெளியிட்டார். பதிவு நடந்த மாடியறையை ஒட்டியே தண்டவாளம். ஒரு பாட்டின் நடுவே இரயில் ஊதும். அக்கா மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, அது அடங்கியதும் அடுத்த அடியை எடுப்பார். ஊசி அந்த இடத்துக்கு வந்தால் எங்கள் வீடே சிரிக்கும்.

திருமணமாகிக் கிள்ளான் போனார். "குடும்பப் பொண்ணுக்கு மேடை எதுக்கு?" என்றார்கள். அப்படிச் சொன்ன சொந்தங்களில் சிலர் இன்று அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அக்கா மேடை ஏறுவதை விட்டார். படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளை ஆளாக்கினார். பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

தொண்ணூறுகளில் அந்தக் கடைக்காரரின் மகன் அதே பாடல்களைச் சிடியாக வெளியிட்டார், கீபோர்டு இசையோடு, வேறொரு பெண்ணின் குரலில். வெளியீட்டு விழாவில் அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்.

"பழைய ரெக்கார்டுல ஒரே கரகரன்னு இருக்கு ஆன்டி. இப்ப யாரு கேப்பா? சிடி கிளியரா இருக்கும் லா."

அக்கா தலையாட்டினார். திரும்பும் வழியில் காரில் என்னிடம் சொன்னார்: "நல்லா கிளியராதான் இருக்குடா தம்பி. ஆனா அதுல நான் இல்லையே."

பின்னர் வீட்டைப் புதுப்பித்தபோது, இடத்தை அடைக்கிறது என்று ரெக்கார்டு பிளேயரைப் பிள்ளைகள் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். தட்டு மட்டும் அலமாரியில் கிடந்தது. அதைக் கேட்க வழியில்லாமலே, சென்ற ஆண்டு நெஞ்சுவலியில் அக்கா போய்ச் சேர்ந்தார்.

இறுதிச் சடங்கன்று யாரோ அந்தச் சிடியைப் போட்டார்கள். அக்காவின் உடலருகே வேறொருத்தி பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னேன். "அம்மா பாட்டுதானே மாமா, இருக்கட்டும்" என்றான் அக்காவின் மூத்த மகன். "என்னா குரலு நம்ம அக்காவுக்கு!" என்று சொல்லிச் சொல்லி உறவினர்கள் அழுதார்கள்.

மருத்துவமனைக்குக் காரோட்டிய பக்கத்து வீட்டாருக்கும், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்ட நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. சாலாக் செலாத்தானிலிருந்து வந்திருந்த அக்காவின் பள்ளித் தோழிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "இது அவ குரல் இல்ல" என்று சொல்லிச் சுவிட்சை அணைத்தவர் அவர்தான். கூடம் நிறைய இருந்த சொந்தங்களில் என்னைத் தவிர ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.