மிஞ்சிய நட்டு

செங்கல் காளவாசலுக்குப் பின்னால், கருவேலம் புதருக்குள் அந்த ஜீப்பை முதன்முதலில் பார்த்தபோது, அதில் என்னென்ன இல்லை என்றுதான் எண்ணினேன். டயர்களில் மூன்று இல்லை. முன்விளக்குகள் இரண்டும் இல்லை. ஸ்டியரிங்கில் வெறும் கம்பி வளையம்தான் மிச்சம். தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கருவேலங்கன்று என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டி. கல் குவாரியில் கொஞ்ச காலம் ஓடி, பிறகு காளவாசலில் தண்ணீர் இறைக்க எஞ்சினை மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாம்பு கிடக்கும் என்று நான் தள்ளி நின்றேன். என் மைத்துனன் முள்ளை விலக்கி உள்ளே போனான். பானெட்டை ஒரு முறை தடவினான். "இது போதும் மச்சான்" என்றான்.

அவன் என் மனைவியின் தம்பி. ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். திருப்பரங்குன்றத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறான். நான் பசுமலையில் இருக்கிறேன். கல்லூரித் தேர்வுப் பிரிவில் விடைத்தாள்களை எண்ணிக் கட்டி அனுப்பியே காலம் போனது. அந்த வேலை போன பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் இலைகளை எண்ணுவேன்.

மைத்துனனுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். இடது கண் முற்றிலும் போய்விட்டது. வலது கண்ணில் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது என்பான். போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே பைக் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டான். மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய ராணுவ ஜீப் ஒன்று வேண்டும் என்றான். என்ன பேச்சு இது என்று நான் சத்தம் போட்டேன்.

"ரோட்டுலதான ஓட்டக்கூடாது மச்சான். காஞ்ச கண்மாய்க்குள்ள எவன் குறுக்க வரப்போறான்?"

அவன் கேட்டது அவ்வளவுதான். ஊருக்கு மேற்கே இருக்கும் கண்மாய் சித்திரையிலிருந்து வறண்டு கிடக்கும். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரை வரை ஒரே ஒரு முறை, தானே ஓட்டிப் போக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கண்மாயில் தண்ணீர் வந்துவிடும். அடுத்த சித்திரைக்குக் கண் இருக்குமா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய டயர்கள் மாட்டி, வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து அவன் வீட்டுக் கொட்டகையில் போட்டோம். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, துருப்பிடித்த தகடு கிழித்தால் என்ன செய்வது என்று நான் தினமும் புலம்பினேன். ஊசி போட்டுக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனேன். ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு நிறம் பூசியிருந்தார்கள். சுரண்டச் சுரண்ட அடியில் ராணுவப் பச்சை வந்தது. தனியார் வண்டிக்கு அந்தப் பச்சை அடிக்கக் கூடாது என்பது சட்டம். வேறு நிறம் பேசவே அவனுக்கு இஷ்டமில்லை. துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்மண் நிறப் பூச்சோடு விட்டுவிட்டான். தேய்ந்த பாகங்களைப் பழங்காநத்தத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். கிடைக்காததற்கு நகருக்குள் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் வடக்கே சொல்லி அனுப்பி வரவழைத்தார்.

மைத்துனனின் வேலைமுறை ராணுவத்தில் பழகியது. கழற்றியதைக் கழற்றிய வரிசையில் தார்ப்பாயின் மேல் இடமிருந்து வலமாக அடுக்குவான். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பான். யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. எல்லாம் பூட்டி முடித்ததும் தார்ப்பாய் காலியாக இருக்க வேண்டும்; ஒரு வாஷர் மிஞ்சினாலும் வண்டியை எடுக்கக் கூடாது. எண்ணுகிற பொறுப்பு என்னுடையது. "நீங்க எண்ணுனா கரெக்டா இருக்கும்" என்று அவன் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். நட்டைக் கையில் எடுத்து இரண்டு விரலால் உருட்டியே இது எங்கே போகிறது, இதற்கு எந்த ஸ்பேனர் என்று சொல்லிவிடுவான். பார்வை குறையக் குறைய விரல்களைத்தான் அதிகம் நம்பினான்.

ஆனியில் கியர் பெட்டியைப் பூட்டி முடித்தோம். அன்றே எஞ்சினும் ஓடியது. தார்ப்பாயைப் பார்த்தேன். ஒரு நட்டு மிச்சம்.

என் கணக்கு தப்பாது என்றேன். அவன் நட்டை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். கியர் பெட்டியை முழுக்க இறக்கினோம். எங்கும் குறை தெரியவில்லை. திரும்ப ஏற்ற ஆடி முழுதும் போயிற்று. என் முழங்கால் அந்த மாதத்தில்தான் கெட்டது.

ஆவணிக் கடைசியில் மறுபடியும் எல்லாம் தயார். பிரேக் பிடித்தது, கிளட்ச் விட்டது. என் மனைவி எலுமிச்சம்பழங்கூட வாங்கி வைத்துவிட்டாள். தார்ப்பாயின் மடிப்பில் மறுபடி ஒரு நட்டு.

"கழட்டிர வேண்டியதுதான் மச்சான்" என்றான். அவன் முகம் வாடவில்லை என்பதை அன்றே நான் கவனித்திருக்கலாம். நான் பாட்டுக்கு என் முழங்காலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் என் ஸ்கூட்டரின் கால்மிதித் தகடு ஆடிக்கொண்டிருந்தது. அதை இறுக்க எடுத்த பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் பக்கத்தில் கிடந்தது. சும்மா நட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாக உட்கார்ந்தது. ஸ்கூட்டர் போல்ட்டில் போட்டுத் திருகினேன். வெண்ணெய்போல ஏறியது. அந்த ஜீப்பில் இருப்பதெல்லாம் அங்குலக் கணக்கு. அவன் பெட்டியில் மில்லிமீட்டர் ஸ்பேனரே கிடையாது. இந்த நட்டு அந்த வண்டியில் எந்த இடத்திலும் ஏறாது. இது அவனுக்கு விரல் பட்டதுமே தெரிந்திருக்கும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"அவனே போட்டுருப்பான்ங்கறீங்களா?"

"வேற யாரு இருக்கா அங்க?"

களைந்த தண்ணீரைச் சாய்த்துவிட்டுச் சொன்னாள். "வண்டி முடிஞ்சிருச்சுன்னா அவன் ஏறி ஓட்டணும்ல. ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சு போயிரும்ல." பிறகு, "நீங்க எண்ணுவீங்கன்னு தெரிஞ்சுதான் போட்டுருக்கான்" என்றாள்.

பேசாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு வாரம் நினைத்தேன். அவன் கழற்றிக்கொண்டே இருக்கட்டும், மழை வரட்டும், யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அவன் ஒரு நாள் டீத் தம்ளரை மேசைக்கு வெளியே வைத்தான். அது கீழே விழுந்து உடைந்த பிறகும், மேசையில் எங்கே வைத்தோம் என்று தடவிக்கொண்டிருந்தான். அன்று நட்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது நம்ம வண்டியோடது இல்ல மாப்ள."

உருட்டிப் பார்க்கவில்லை. அப்படியே கையை மூடிக்கொண்டான். "பூட்டிருவோம்" என்றான்.

புரட்டாசி முடிகிற சமயம். மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. கண்மாய்க்கரை வரை லேத் பட்டறைக்காரர் ஓட்டி வந்து விட்டுவிட்டு, மாலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். மைத்துனன் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தான். இடது பக்கம் நான் உட்கார்ந்தேன். இடப்பக்கம் என் பொறுப்பு, வலப்பக்கம் தனக்குத் தெரியும் என்றான்.

சொல்ல வேண்டும், அவன் நன்றாகத்தான் ஓட்டினான். கியர் விழும் சத்தமே இல்லை. வெடித்த களிமண்ணில் வண்டி மெத்தென்று போனது. மண் அள்ளிய பள்ளம் ஒன்று வந்தது, சொன்னேன், வளைத்தான். நான் என் பக்கத்துப் புதர்களை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்றாவது புதருக்குப் பிறகு எதற்கோ வலப்பக்கம் திரும்பினேன். "நிறுத்து" என்று கத்தினேன்.

பிரேக் நன்றாகப் பிடித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன மச்சான், நாயா?"

"ஆளு."

"எங்க?"

"உன் கைப்பக்கம்."

அவன் தலையை முழுக்கத் திருப்பி, மேலும் கீழும் தேடி, பிறகுதான் கண்டுபிடித்தான். விறகுக் கட்டோடு ஒரு பெண். கட்டிலிருந்த கருவேலங்குச்சி ஒன்று ஜீப்பின் மட்கார்டில் சிக்கியிருந்தது.

"எம்புட்டு தூரம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

கூட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை. "ஒரு முழம்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு அதற்குள் மூச்சு வந்துவிட்டது. யாரும் எந்த டிரைவரிடமும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். "ஏண்ணே, கண்ணு தெரியலயா?"

"தெரியல தாயி" என்றான்.

கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் திட்டிக்கொண்டே கரையேறிப் போனாள். அவன் எஞ்சினை அணைத்தான். இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி என் பக்கம் வந்து நின்றான். நான் நகர்ந்து டிரைவர் இருக்கைக்குப் போக வேண்டியதாயிற்று. எனக்கு ஸ்கூட்டரைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. கரை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தது. இருவரும் உட்கார்ந்திருந்தோம். பட்டறைக்காரருக்குப் போன் கிடைக்கவில்லை. தூறல் விழத் தொடங்கிய பிறகு, அந்த வழியாக வந்த டிராக்டர்காரரைக் கை தட்டி அழைத்தேன். என்ன ரிப்பேர் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கயிறு கட்டினார். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று கேட்டார். மைத்துனன் என்னைக் காட்டினான்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க மச்சான். கயிறு தொஞ்சா மட்டும் லேசா பிரேக்கை மிதிங்க."

கயிறு தொய்வது எனக்குத் தெரிந்தது. கேட்டுச் செய்தால்தான் எனக்குத் தைரியம். அதனால் வீடு வரைக்கும் ஒவ்வொரு தடவையும், "தொஞ்சிருச்சு மாப்ள" என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவன், "மிதிங்க" என்றான்.