வேற்றுக்கிரகத்தானுக்கு நான் சொன்ன வசனம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருஷம், ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு மாலை. எங்கள் மாதா கோயில் மைதானத்தில் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். பங்குச் சாமியார் புதுச்சேரியிலிருந்து ஓர் இங்கிலீஷ் படம் வரவழைத்திருந்தார். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து இறங்கும் ஒருவனின் கதை.

"அயலானை நேசின்னு சொல்ற படம், தம்பி. நீங்கதான் ஜனங்களுக்குத் தமிழ்ல சொல்லணும்" என்று, வாயில் வைத்துச் சத்தமாகப் பேசுவதற்கான தகரக் குழாய் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது 'எஸ்', 'நோ' இரண்டுதான். ஆனால் வயது இருபத்திரண்டு, நகராட்சி ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், முன்வரிசையில் கல்யாணமாகாத பெண்கள். தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

திரைக்கு முன்னால் எங்கள் தெருக்காரர்கள். சேரி ஜனங்கள் திரைக்குப் பின்னால். அவர்களுக்குப் படம் இடவலம் மாறித் தெரியும். கோயிலுக்குள்ளேயே தனித்தனி இடம்தான் என்பதால் எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

வானத்திலிருந்து ஒரு பறக்கும் தட்டு வயலில் விழுந்தது. முகமெல்லாம் மீன் செதிலோடு ஒருவன் இறங்கினான். "உலகத்தை அழிக்க வந்த அரக்கன்!" என்று முழங்கினேன். பிள்ளைகள் நாற்காலிக்கு அடியில் புகுந்தார்கள். அவன் மெதுவாக ஏதோ பேசினான். எல்லாரையும் தின்னப் போவதாகச் சொல்கிறான் என்றேன். காட்டில் வழி தவறிய ஒரு சிறுமியை அவன் தூக்கவும், "ஐயோ, இன்னிக்கு இதுதான் சாப்பாடு!" என்று அலறினேன். ஒரு பெரியவர் ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

அவனோ வெகுதூரம் நடந்து, சிறுமியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தான்.

மைதானம் என்னைப் பார்த்தது. "பசி இல்லை போலிருக்கு" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஏங்கய்யா, அவரு புள்ளய வூட்டுல கொண்டாந்துல்ல வுட்டாரு! நீங்க படத்தப் பாக்குறீங்களா, இல்லியா?"

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சாமியார்தான். "தம்பி, குழாய அந்தம்மாகிட்ட குடுத்துடுங்க" என்றார்.

அந்தப் பக்கம் நான் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. வரிச்சிக்குடிப் பக்கம் நடவு வேலை செய்கிறவர் அந்த அம்மா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழாயை வாங்கினார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. முகங்களைப் பார்த்தே கதை சொன்னார். ஊரே துப்பாக்கியோடு அவனைத் துரத்தியபோது, "அவங்க மாரி இவரு இல்லியாம், அதுக்குத்தான் வெரட்டுறாங்க" என்றார். குண்டடிபட்டு விழுந்தவனை ஒரு விதவை தன் மாட்டுக் கொட்டகையில் சேர்த்தாள்.

"தண்ணி குடுக்குறா..." என்றவர் நிறுத்தினார். பிறகு குரல் இறங்கி, "அவ குடிக்கிற கிளாசுலயே குடுக்குறா" என்றார்.

எனக்கு இருமல் வந்தது. அவர் குழாயை இறக்கிவிட்டுத் தன் சொம்பை நீட்டினார். "கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சே. குடிக்கிறீங்களாய்யா?"

ஒரு நொடி தயங்கினேன். பிறகு வாங்கிக் குடித்தேன். ஆனால் அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். திரைப்பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

அதன் பிறகு ஒரு வருஷம் ஊரில் எனக்கு 'அரக்கன்' என்றே பெயர். அதை நானும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன். தண்ணீர் குடித்ததற்காகச் சாமியார் முதுகில் தட்டிக்கொடுத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. துப்பாக்கியோடு துரத்தியவர்களின் கூட்டத்தில் அந்த ஒரு நொடி நானும் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது, சாமியாருக்குத் தெரியாவிட்டாலும், எனக்கு இன்றுவரை தெரியும்.