பந்தைப் பின்னுக்கு எறிந்த நிருபர்

பத்திரிகைத் தொழிலில் ஒன்றும் தெரியாதவன் பிழைத்துக்கொள்ளலாம்; "தெரியாது" என்று வாய் தவறிச் சொல்பவன்தான் பிழைக்க மாட்டான். தெரியாத வேலையைத் தலையில் கட்டும்போது "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து திருதிருவென்று விழித்த அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

கத்தரிக்காய் எச்சரிக்கை

வெள்ளைக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் பயிற்சி நிருபன். வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டு மரக்கறி விலையும் கோயில் கொடியேற்றமும் எழுதிவந்தேன். வேலை நிரந்தரமானால்தான் மகளைத் தருவேன் என்று பக்கத்துப் பகுதியான பாமன்கடையில் ஒரு தகப்பனார் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பெண்ணை நிரம்பப் பிடித்திருந்தது. ஆகையால் நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் எங்கள் விளையாட்டு நிருபருக்குக் கூகைக்கட்டு வந்து தாடை வீங்கிவிட்டது. கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டு அணி ஒன்றுக்கும் இலங்கை அணிக்கும் மறுநாள் ரக்பி ஆட்டம். யாழ்ப்பாணத்தவரான எங்கள் ஆசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ரக்பி தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தனக்கும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

"நாளைக்கு நீர் போம். வடிவா எழுதினால் நிரந்தரம். பிழைச்சுதோ, பிறகு மரக்கறிதான். அதிலயும் கத்தரிக்காய் மட்டும்!"

இரண்டு மேசைகள்

எங்கள் பத்திரிகை இரவு மெயில் ரயிலில் யாழ்ப்பாணம் போகும். ஆட்டம் முடிந்த பிறகு எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்தால் ரயில் போய்விடும். ஆகையால் பெரிய ஆட்டம் என்றால் முன்கூட்டியே இரண்டு செய்திகள் எழுதிக் கொடுப்பது வழக்கம். ஒன்றில் நாம் வெல்வோம், மற்றதில் தோற்போம். முடிவு தெரிந்ததும் தேவையானதை அச்சேற்றுவார்கள்.

காலையிலேயே உட்கார்ந்து இரண்டையும் எழுதினேன். முதலாவதில் நம் வீரர்கள் காளைகளாகப் பாய்ந்தார்கள். இரண்டாவதில் அதே காளைகளை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு, நம்மவர்களுக்கு "மனந்தளராமல்" என்ற சொல்லை வைத்தேன். பந்தின் உருவத்தைப் பற்றி மட்டும் கவனமாக ஒன்றும் எழுதவில்லை. அச்சுக்கூடத்து போர்மன் மதுரைப் பக்கத்துக்காரர். எழுத்துக் கோத்து இரண்டு மேசைகளில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஜெயிச்சா இந்த மேசை, தோத்தா அந்த மேசை. போன்ல ஒரே வார்த்தை சொல்லுங்க தம்பி, வளவளன்னு பேசாதீங்க!"

யார் நம்மவர்?

மைதானத்தில் எனக்கு முதல் அதிர்ச்சி, இறங்கிய முப்பது பேரும் வெள்ளைக்காரர்கள். இலங்கை அணி என்றால் நம் ஊர்ப் பெடியன்கள் என்று நினைத்துப் போன நான், தேயிலைத் தோட்டத்துத் துரைமாரைக் கண்டு திகைத்து நின்றேன். பக்கத்தில் கொட்டாஞ்சேனையில் குடைக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா உட்கார்ந்திருந்தார். அவர் குடையை நீட்டி விளக்கினார். வெயிலில் வெந்து பழுப்பாக இருப்பவன் நம்ம ஆள், இறால் மாதிரிச் சிவந்திருப்பவன் கப்பலில் வந்தவன். அது நல்ல உபாயமாகத்தான் இருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. முப்பது பேரும் சேற்று நிறமானார்கள்.

ஆனாலும் நானா சளைக்கவில்லை. பந்தோடு முன்னால் ஓடலாம், ஆனால் பந்தைப் பின்னாலிருப்பவனுக்குத்தான் எறியலாம் என்றார். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைத்தால் மூன்று புள்ளி என்றார். இரண்டு பக்கத்தாரும் தலையோடு தலையைச் செருகிக் குனிந்து தள்ளியபோது, யாருடையதோ பல் விழுந்துவிட்டது, எல்லோரும் தேடுகிறார்கள் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு தலையாட்டினேன். எத்தனை வருஷமாக ரக்பி பார்க்கிறீர்கள் என்று கடைசியில் கேட்டேன்.

"நானும் இண்டைக்குத்தான் தம்பி மொதல் தரம் வந்திரிக்கிறன்!"

நான் கொடுத்த பாஸ்

அந்த நேரம் பார்த்து ஒருவன் உதைத்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி நேரே என் மடியில் விழுந்தது. நாற்புறமும் கூச்சல். எறி, எறி என்கிறார்கள். எனக்கோ அப்போது தெரிந்திருந்தது ஒரே விதி. முன்னால் எறிந்து சட்டத்தை மீறி, என்னால் இலங்கை தோற்றால் பாமன்கடைக்கு என்ன பதில் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தலைக்கு மேலால் பின்பக்கம் வீசினேன்.

அது சனத்தையும் மதிலையும் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. பந்து திரும்பி வரும்வரை முப்பது பேரும் மழையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். எல்லைக் கோட்டில் கொடி பிடித்திருந்த துரை என் அருகே வந்து தொப்பியைத் தொட்டார்.

"வெல் பிளேய்ட், சேர்!"

மூன்றாவது மேசை

ஆட்டம் முடிந்தபோது பலகையில் மூன்றுக்கு மூன்று என்று போட்டிருந்தது. ஒரு விளையாட்டு இப்படியும் முடியலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடி, டெலிபோனில் போர்மனைப் பிடித்து, "ஒருவரும் வெல்லவில்லை" என்று கத்தினேன். "அப்படி ஒரு மேசை நம்மகிட்ட இல்லையே!" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

காலையில் பத்திரிகையைப் பிரித்தேன். வெற்றிச் செய்தியின் மேல்பாதியையும் தோல்விச் செய்தியின் கீழ்பாதியையும் போர்மன் ஒட்டிப் போட்டிருந்தார். முதல் பந்தியில் நம்மவர்கள் எதிரிகளைத் துவம்சம் செய்தார்கள். கடைசிப் பந்தியில் மனந்தளராமல் தோற்றார்கள். இடையில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. பாமன்கடை கைவிட்டுப் போயிற்று, இனி ஆயுள் முழுவதும் கத்தரிக்காய் என்று எண்ணிக்கொண்டு ஆசிரியரின் முன்னால் போய் நின்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"இங்கிலீஷ் பேப்பரை ரெண்டு தரம் வாசிச்சும் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எங்கடயை வாசிச்ச உடன விளங்கீட்டுது. மேல்பாதியில நாங்கள் வெண்டிட்டம், கீழ்பாதியில அவை வெண்டிட்டினம், ஆகச் சமன். உமக்கு வேலை நிரந்தரம் தம்பி, இனி ரக்பிக்கு நீர்தான்!"

பாமன்கடையில் மேளம் கொட்டியது. கைக்கு வந்ததைப் பின்னால் நிற்பவனிடம் எறிந்துவிட்டு முன்னால் ஓடு என்ற அந்த ஒரே விதியை வைத்துத்தான், ரக்பியில் வேறெதுவும் விளங்காமலே, நான் கடைசிவரை அந்தத் தொழிலில் குடும்பம் நடத்தினேன்.