ஒற்றைக்கைப் பை

துணியை மேசைமேல் விரித்து, பூனையைத் தடவுவது போல உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். பிறகு கீழிருந்து மேலாக. ஒரு பக்கம் தடவினால் வெளிறியது. எதிர்ப்பக்கம் தடவினால் கருத்தது. பின்புறம் சோப்புத் துண்டால் ஓர் அம்புக்குறி போட்டார். மறுபடியும் தடவிப் பார்த்து, அம்புக்குறியை அழித்துத் திருப்பிப் போட்டார்.

"எல்லாத் துண்டும் ஒரே பக்கமா படுத்திருக்கணும் சார். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருந்துச்சுன்னா, ரெண்டு பையை வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும்."

எங்கள் கட்டடத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால், "வீட்லயாவது நிம்மதியா இருக்கணும்ல" என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் அவருக்கு நேர் கீழே இருக்கிறேன். என் தலைக்கு மேல் தையல் மிஷின் ஓடத் தொடங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, என்னதான் நடக்கிறது என்று பார்க்க மேலே போனேன்.

மிஷின் அவருடைய அக்காவுடையது. "பத்திரம்டா, உன் லிஃப்ட் மாதிரி இதையும் பாதியில நிறுத்திடாத" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அலுவலகக் கிளிப்புகள். தையற்காரர்கள் குண்டூசி குத்தும் இடத்தில் இவர் கிளிப் போடுகிறார். செயற்கை ஸ்வேட் துணியில் ஊசி போன இடம் திரும்ப மூடாதாம். "இந்தத் துணிக்கு மறதியே கிடையாது" என்றார். பார்வைக்குத் தோல், தொட்டால் மென்ரோமம் படர்ந்த பழத்தோல், எந்த மாட்டுக்கும் சம்பந்தமில்லை. இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் பளபளவென்று ஒரு வழுக்கை விழும். முதல் பையில் அப்படி விழுந்த வழுக்கையை எடுத்துக் காட்டினார். இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும் அதில் இருந்தது.

பை அவருடைய மனைவிக்கு. அவர் கணக்கு டீச்சர். கட்டடம் முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், கணவரும் அப்படித்தான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சரின் கையிலிருந்து சுண்ணக்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். கால் மெல்ல மெல்லத் தேறிவிட்டது, பேச்சு முழுதாக வந்துவிட்டது. "அது மட்டும் கொஞ்சம் கூடுதலாவே வந்துருச்சு" என்பது லிஃப்ட்காரரின் கணக்கு. வலது கை வரவில்லை.

டீச்சர் இடது கையால் எழுதப் பழகினார். பலகையில் எழுதுவதைப் பள்ளியில் போய்ச் செய்துகாட்டவும் செய்தார். அன்றுதான் சிக்கல். தலைமையாசிரியர் அறையில் கையெழுத்துப் போட மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடி கைப்பையில். கைப்பைக்கு ஜிப். ஜிப்பை இழுக்க ஒரு கை போதும்; பையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். டீச்சர் பையை முழங்காலில் இடுக்கி இழுத்தார், மேசை விளிம்பில் அழுத்தி இழுத்தார். கடைசியில் அலுவலக உதவியாளர், நல்ல மனிதர், பையை வாங்கித் திறந்து, உள்ளே கைவிட்டு, மாத்திரை அட்டை, சீப்பு, உள்ளாடைக் கடை ரசீது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்துக் கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த டீச்சர் பையை ஆணியில் மாட்டினார். "நான் வேலைக்குப் போகலைங்க."

"ஏன்?"

"போகலைன்னா போகல."

ஒன்றாம் தேதி சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட்காரர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒன்றரை மீட்டர் ஸ்வேட் துணியோடு வந்தார்.

"தையல் தெரியுமா உங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது. ஆழம் தெரியாமதான் காலை விட்டேன். ஆனா கதவு தெரியும் சார். திறக்கணும், மூடணும், நடுவுல யார் விரலையும் கடிக்கக் கூடாது. அவ்வளவுதானே பையும்?"

ஸ்வேட் என்று அவர் முடிவு செய்ததற்கும் காரணம் இருந்தது. டீச்சரின் வலது தோள் இப்போது சற்றுச் சரிந்திருக்கிறது. வழவழப்பான பை அதில் நிற்காது. ஸ்வேட்டின் சொரசொரப்பு உடுத்திய துணியைப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவது வலது தோளில், திறப்பது இடது கையால். குறுக்காக மாட்டிக்கொள்ளும்படி ஒன்று தைத்துப் பார்த்தார். "பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு" என்று டீச்சர் கழற்றி வைத்துவிட்டார்.

இரண்டாவது பைக்கு ஜிப்புக்குப் பதில் காந்தம் வைத்த மூடி. காந்தம் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. மூடியைத் தூக்கினால் பையே கூட வந்தது. மூன்றாவதில் காந்தம் சின்னது. டீச்சர் மருத்துவமனை வரிசையில் குனிந்தபோது அது தானாகத் திறந்து, உள்ளே இருந்த அனைத்தும் முன்னால் நின்றவரின் செருப்பின்மேல் விழுந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டில் இடது கையால் மதிப்பெண் எழுதிக் கொடுத்தார்: பத்துக்கு மூன்று. லிஃப்ட்காரர் அதைத் தையல் மிஷின்மேல் ஒட்டி வைத்தார்.

நான்காவது பைதான் நான் பார்த்தது. காந்தம் சரி. வாய் விரிந்தே நிற்க விளிம்பில் பழைய அளவு டேப்பின் இரும்புத் துண்டு. பையின் தோள்வாரைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, இரண்டு அகராதிகளை உள்ளே வைத்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டார். பிறகு உட்புறத்தில் சின்னத் துணி ஒட்டு ஒன்று தைத்தார்: 'அதிகபட்சம் 4 கிலோ.'

"நான் என்ன மூட்டை தூக்கவா போறேன்?" என்றார் டீச்சர்.

"எழுதாம விட்டா சட்டப்படி தப்பு."

மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூடியைப் பிடித்துத் தூக்கும் நாக்கை, பழக்க தோஷத்தில், வலது கைக்காரருக்குத் தோதான பக்கத்தில் தைத்திருந்தார். இடது கை அதை எட்டுவதற்குள் பை பாதி சுற்றிக்கொண்டது. லிஃப்ட்காரர் நாக்கைப் பிரித்து மறுபக்கம் தைத்தார். பழைய இடத்தில், மூடியின் முன்பக்கத்திலேயே, பதினோரு துளைகள். தடித்த நூலால் கையால் தைத்த துளைகள், கோணல்மாணலாக, கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றன. புதிதாக வெட்ட அந்த நிறத்தில் துணி இல்லை, கடையிலும் தீர்ந்துவிட்டது. ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். "இதுக்கு மேல எனக்குத் தெரியல டீச்சர்" என்றார். "வேற யாரையாவது விட்டுத் தைக்கச் சொல்லலாம்."

டீச்சர் பையை வாங்கித் துளைகளை உற்றுப் பார்த்தார். பள்ளியில் விடைத்தாளை அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. பிறகு சோப்புத் துண்டைக் கேட்டார். மேசைமேல் மூடியை அழுத்தி வைக்க ஒரு கனம் வேண்டியிருந்தது. லிஃப்ட்காரர் கையை நீட்டினார். "நீங்க எடுங்க கையை" என்று சொல்லி, ஓர் அகராதியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். முதல் துளையில் சோப்பை ஊன்றினார். சோப்பு வழுக்கியது. எடுத்து, மறுபடி ஊன்றினார். ஒரு கோடு கிளம்பி இரண்டாம் துளைக்கு இறங்கி, மூன்றாவதில் வளைந்து, ஒன்றையும் விடாமல் பதினோரு துளைகள் வழியாகவும் கொடி மாதிரி ஓடி மூடியின் ஓரத்தில் சுருண்டு நின்றது. எங்கும் கை எடுக்கவில்லை.

"புள்ளியைக் குடுத்தா வளைவரை போடுறதுதானே எங்க வேலை" என்றார். "மேலேயே தைங்க. சங்கிலித் தையல். ஓட்டை எல்லாம் கணு ஆயிடும்."

"எனக்குப் பூ வேலை வராது."

"இது பூ இல்ல. கொடி."

மூன்று நாள், காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், லிஃப்ட்காரர் எம்ப்ராய்டரி செய்தார். ஸ்வேட்டை நேரடியாக வளையத்தில் இறுக்கினால் வட்டத் தழும்பு விழும் என்று, வளையத்தில் தாளை இறுக்கி அதன்மேல் மூடியை ஒட்டிக்கொண்டார். லிஃப்ட் கம்பியில் பிசிறு தேடும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணி கண்ணியாக. டீச்சர் எதிரில் உட்கார்ந்து, "அஞ்சாவது பெருசாயிடுச்சு, பிரிங்க" என்பார். "பிரிச்சா ஓட்டை விழும்" என்பார் இவர். "அப்ப இருக்கட்டும். அதை இலைன்னு சொல்லிக்கலாம்." கொடியில் இப்போது ஏழு இலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மீனைப் போல இருக்கும். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஒன்றாம் தேதி காலை நானும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, படி படியாக இறங்கி வந்தார். பின்னால் இரண்டு படி விட்டு லிஃப்ட்காரர். பை தோளை விட்டு நகரவில்லை. அவர் அந்தப் பையை மட்டுமே பார்த்துக்கொண்டு இறங்கியதில் கடைசிப் படியில் அவரே தடுமாறினார்.

"பார்த்து" என்றார் டீச்சர், திரும்பாமல்.

பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் உதவ வருவது போல ஏதோ கேட்டார். டீச்சர் தலையை ஆட்டி மறுத்தது தெரிந்தது. லிஃப்ட்காரர் கையசைக்கக் கையைத் தூக்கினார். டீச்சர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மடியில் பையைத் திறந்து வைத்து, தலையைக் குனிந்து, இடது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல் தேடினார்.

பேருந்து நகர்ந்தது. லிஃப்ட்காரர் தூக்கிய கையை ஆட்டவும் இல்லை, இறக்கவும் இல்லை. பேருந்து திரும்பி மறையும்வரை அப்படியே வைத்திருந்தார்.