இரண்டு பக்கமும் குடைந்த சுவர்

தேர் நாள் வந்தால் இன்றும் என் கால் ஓரிடத்தில் நிற்காது. அறுபதுகளில் நான் மாத்தளை நகரசபையில் ஓவர்சியர். பெரிய வீதியின் பழைய மாடிக்கடைகளைப் பார்த்துச் சான்று கொடுப்பது என் வேலை. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரே சுவர்தான் இருக்கும். மாடி உத்திரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஹாஜியாரின் புடவைக்கடை மாடிக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். வாசல் நிலையோரம் நடுச்சுவரின் கனத்துக்கு டேப் பிடித்தேன், பதினெட்டு அங்குலம். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், யானையைக் கட்டினாலும் அசையாது என்று நினைத்தேன்.

தேர் நாள் காலையில் பக்கத்து இரும்புக்கடைக்கு ஆணி வாங்கப் போனேன். கடைக்காரர் சூசை அண்ணன் சுவர் அலமாரிக்குள் மணிக்கட்டு தாண்டிக் கையை விட்டுத் துழாவினார்.

"என்னண்ணே, இவ்வளவு ஆழமா?"

"கடை சின்னதுதானே தம்பி. அப்பா சுவர எட்டங்குலம் கொடஞ்சு செஞ்சாரு."

அது ஹாஜியார் கடைக்கும் பொதுவான சுவர். அதே இடத்தில் அந்தப் பக்கம் ஹாஜியாரும் எட்டங்குலம் குடைந்து புடவை அடுக்கியிருந்தார். அதை நான் பார்த்துமிருக்கிறேன். மடையன், இந்தப் பக்கம் வந்து பார்க்கவேயில்லை! பதினெட்டில் பதினாறு போனால் மிச்சம் இரண்டே அங்குலம். ஆணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தேர் பார்க்க வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாடியைத் திறந்துவிடுவது ஹாஜியார் வீட்டு வழக்கம். அவர் மனைவியே சர்பத் கொடுப்பார். அன்றைக்கும் மாடி நிறைந்திருந்தது. மேளம் சந்தி திரும்பிவிட்டது. வீதியில் நின்ற என் மேலதிகாரியிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"தேர் போகட்டும்யா, நாளைக்குப் பாப்போம். ஒன் கையெழுத்துத்தானே? வேல போயிரும், பாத்துக்க."

பொறுமையில்லை எனக்கு. படியேறிக் கத்தினேன்: "எல்லாரும் எறங்குங்க! நான் போட்ட கையெழுத்து பிழை! மெதுவா, ஒவ்வொருத்தரா!"

"தேர் வர்ற நேரத்துல இவனுக்கென்ன கிறுக்கா?" என்று ஓர் அம்மா ஏசினாள்.

ஹாஜியாரின் முகம் சிவந்தது. "ஊர் முன்னுக்கு என் மானத்த வாங்குறீங்களே, ஓவர்சியர்!"

"பொறவு ஏசுங்க ஹாஜியார். இப்ப எறக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். தேர் போயிற்று. சுவர் விழவில்லை. வீதியே என்னைப் பார்த்துச் சிரித்தது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் மாடி உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு அலமாரிகளையும் காலி செய்து, பின்பலகைகளைக் கழற்றினோம். மிச்சமிருந்தது சாந்தும் செங்கல் தூளும்தான். சூசை அண்ணன் அந்தப் பக்கம் சும்மா ஒரு விரலால் அழுத்தினார். விரல் எங்கள் பக்கம் வந்தது.

ஹாஜியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்! எங்கட ஊட்டுக்காரி இதுக்கு நேர் மேலதானே நிண்டா!"

இந்த வேலைக்கு வரும் தம்பிமாரே, சுவர் ஒட்டிய கட்டடத்தை அளந்தால் பக்கத்துக் கடைக்குள்ளும் போய் அளந்து பாருங்கள். உங்கள் பிழை தெரிந்தால் அந்த நிமிடமே கத்துங்கள். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்க அன்றைக்கு எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.