மேல் வீட்டு அளவு

என் மனைவிக்குப் பொறாமை உண்டு. கட்டிய கணவனே புறம் பேசுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவளே சொல்வாள். தலைவலி என்று சொல்வதுபோல, "எனக்கு வயிறு எரியுதுங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்காருவாள். அன்றைக்கு வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். பொறாமையால் வீட்டுக்கு லாபம் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

குடியிருப்பில் அவளுக்குக் கர்ட்டன் அக்கா என்று பெயர். கடைவீதியில் உள்ள ஒரு திரைச்சீலைக் கடைக்கு அவள்தான் தையல்காரி. கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் தூங்கும்போது மட்டும்தான் இறங்கும். அளவு எதையும் எழுதி வைக்க மாட்டாள், எல்லாம் தலைக்குள். என் பிறந்தநாள் மறந்துபோகும். எப்போதோ தைத்துக் கொடுத்த யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் மறக்காது.

அந்தக் கடைக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் இருந்தது. எங்கள் வீட்டுக் கூடம்தான் அது. மெரூன் வெல்வெட்டில் திரை, மேலே மூன்று அடுக்கு ஃபிரில், இரண்டு பக்கமும் தங்க நிறக் குஞ்சம். நாங்கள் குடிவந்த புதிதில் அவள் தைத்து மாட்டியதைப் பார்த்த முதலாளி, அசந்துபோய்ப் படம் எடுத்துக் கடையில் மாட்டிவிட்டார். துணி வாங்க வருகிறவர்கள், "இது யாரு வீடு?" என்று கேட்பார்கள். இவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நம்ம வீடுதான்" என்பாள். அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகத்தான் அவள் வேலைக்கே போகிறாள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

பிறகு அவளுடைய தங்கை எங்களுக்கு நேர் மேல் வீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தங்கைக்குப் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பறையில் வேலை. அமைதியான பெண், அதிகம் பேச மாட்டாள், ஆனால் நினைத்ததைச் செய்துவிடுவாள். வந்ததும் சுவர் முழுக்க வெள்ளை அடித்தாள். தரையில் இருந்த டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே வெளிர் நிறத்தில் மரப்பலகை பாவினாள். ஒல்லிக் கால் வைத்த சோபா ஒன்று, ஜன்னல் ஓரம் ஒற்றை நாற்காலி, மேஜைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் விளக்கு, மூலையில் ஒரு செடி. அவ்வளவுதான் மொத்தச் சாமானும்.

"ஸ்காண்டிநேவியன் ஸ்டைல், அக்கா" என்றாள். "அந்தக் குளிர் நாடுகள்ல வருஷத்துல பாதி நாள் இருட்டு. அதனால கிடைக்கிற வெளிச்சத்தை வீட்டுக்குள்ள பிடிச்சு வச்சுக்கிறாங்க. எனக்குப் பிடிச்ச மாதிரி கொஞ்சம் மாத்திக்கிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் இவள். படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "பல் டாக்டர்கிட்ட வேலை பார்த்துப் பார்த்து வீட்டையும் பல்லு மாதிரி ஆக்கிட்டா. சாமான் இல்லாத வீட்டுக்கு ஸ்டைல்னு ஒரு பேரு! கவனிச்சீங்களா, ஒரு ஜன்னல்லயாவது கர்ட்டன் இருக்கா? கூடப் பிறந்தவ கர்ட்டன் தைக்கிறவ. ஒரு வார்த்தை கேட்டாளா?"

அதுதான் உண்மையான காயம். மற்றதெல்லாம் அதன் மேல் போட்ட உப்பு. குடியிருப்பில் போகிற வருகிறவர்கள் எல்லாம் மேல் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வாசலில் நின்று புகழ்ந்தார்கள். வெந்த புண் என்று தெரிந்தா செய்தார்கள்? பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

ஒருநாள் அவசரமான ஒரு திரையை வாங்கிப்போக முதலாளியே வீட்டுக்கு வந்தார். இவள் மடித்துக் கட்டுவதற்குள் தங்கை அவரை மேலே கூப்பிட்டுக்கொண்டு போய்க் காபி கொடுத்துவிட்டாள். மனிதர் இறங்கி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"ஏம்மா, கடைப் படம் பழசாயிடுச்சு. இப்ப எல்லாரும் இந்த மாதிரிதான் கேக்குறாங்க. உங்க தங்கச்சி வீட்டுல வெள்ளை லினன்ல ரெண்டு கர்ட்டன் மாட்டிப் புதுசா ஒரு படம் எடுத்துருவோமா?"

என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "நம்ம வீடும் அப்படித்தான் மாறப்போகுது சார். ஒரு மாசம் பொறுங்க. இங்கயே எடுக்கலாம்."

அது எனக்கே அப்போதுதான் தெரியும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஊராருடைய லிஃப்டை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் என் வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கினேன். பெரிய சோபா போய் ஒல்லிக் கால் சோபா வந்தது. கண்ணாடி அலமாரி போனது. நான் சாய்ந்து பேப்பர் படிக்கும் நாற்காலியை "அது குண்டா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நல்லவேளை, என்னை வைத்துக்கொண்டாள். வெள்ளை அடித்தோம். மெரூன் வெல்வெட்டை மடித்துப் பரணில் போட்டாள். ஃபிரில் வைத்த பழைய கம்பியைக் கழற்றி ஓட்டையை அடைத்தேன். மரப்பலகைக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. டைல்ஸ் அப்படியே இருந்தது.

அந்த வாரம் தங்கை குடும்பத்தோடு வெளியூர் போனாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தண்ணீர் ஊற்றினாள், கூடவே வீட்டையே அளந்தாள். விளக்கு எவ்வளவு தாழ்வு, சோபா சுவரை விட்டு எவ்வளவு தள்ளி, நாற்காலி எந்தக் கோணம், ஒன்றையும் விடவில்லை. ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கம்பி வந்தால் அழகு என்று அங்கே நின்றே முடிவு செய்து, அங்கிருந்து தரைவரை டேப்பை இறக்கினாள்.

"நம்ம ஜன்னல்ல அளக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"மேலயும் கீழயும் ஒரே அச்சுதானே. அங்க அளந்தா என்ன, இங்க அளந்தா என்ன? அங்க பார்த்தாத்தான் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது."

கடையில் அந்த லினன் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. மெல்லிய துணி. வழக்கமாகக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மடிப்பு வைப்பாள், பின்னால் இறக்கிக்கொள்ளலாம் என்று. இதில் அப்படி வைத்தால் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரியும் என்று நூல் போல மடித்தாள். அவள் அத்தனை ஆசையோடு தைத்து நான் பார்த்ததில்லை.

படம் எடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் சொன்ன உயரத்தில் கம்பியை அடித்தேன். அவளே ஏணியில் ஏறி மாட்டினாள். இறங்கிப் பார்த்தாள். திரை தரைக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது.

தேங்கிய தண்ணீரில் நடக்கப் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தவன் மாதிரி நின்றன இரண்டும். அவள் டேப்பை எடுத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ பலகை" என்றாள். "டைல்ஸ் மேல பலகை போட்டிருக்காளே. அவ தரை ஏறியிருக்கு. அதை மறந்துட்டேனே."

"கம்பியை இறக்கிரட்டுமா?"

"இப்ப அடிச்ச ஓட்டை, அடைச்சாலும் வெள்ளைச் சுவத்துல பல்லை இளிக்கும். துணியும் இல்ல, இறக்க மடிப்பும் இல்ல." திரையின் ஓரத்தைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் தரையைத் தொடத் தைச்சவ நான்."

அந்த நேரம் பார்த்துத் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அதன் கீழே தெரிந்த இடைவெளியைப் பார்த்தாள். பலகை போட்ட பிறகு தன் வீட்டுக் கதவையெல்லாம் அதே அளவுக்கு அறுத்தவள் அவள். அந்த இடைவெளி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, இது என் வீட்டு அளவாச்சே. எனக்கா தைச்சே?"

என் மனைவி தரையை விட்டு எழுந்தாள்.

"நான் ஊருக்குப் போனப்ப அளவெடுத்தியா? சும்மா இங்க மாட்டிப் பார்க்கிறியா?" தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயா தைச்சுத் தருவேன்னு எத்தனை நாளாக் காத்திருக்கேன் தெரியுமா? கேட்கப் பயமா இருந்துச்சு. ஃபிரில் வேண்டாம்னு சொன்னா நீ கோவிச்சுக்குவே. அதான் ஜன்னலை அப்படியே விட்டுட்டேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் தங்கை வீட்டைத் திருட்டுத்தனமாக அளந்து காப்பியடித்தவள் ஆவாள். பொய் சொன்னால் திரை போகும், அதோடு கடைப் படமும் போகும். நான் அவள் இடத்தில் இருந்தால் லிஃப்டில் ஏறி ஓடியிருப்பேன்.

"ஆமா" என்றாள். "உனக்குத்தான்."

மறுநாள் காலை நானே மேலே போய்க் கம்பி அடித்தேன். திரை மரத்தரையை முத்தமிட்டுக்கொண்டு நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலாளிக்கு உச்சி குளிர்ந்துபோனது. படம் அங்கேதான் எடுத்தார்கள். இவள் ஒரு ஓரமாக நின்று மடிப்பைச் சரிசெய்து கொடுத்தாள்.

கடைச் சுவரில் படம் மாறியது. இப்போது யாராவது கேட்டால், "என் தங்கச்சி வீடு" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எங்கள் மொட்டைக் கூடத்தில், திரை இல்லாத ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தையலும் வேகமாக நடக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வயிறு எரிகிறது என்று அவள் சொல்லாமல் நான்கு நாள் போனது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் தங்கை கீழே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உன்னை மாதிரி மனசு எனக்கு வராதுக்கா. நான்லாம் உன்னைப் பார்த்து வயிறெரிஞ்சவ."

என் மனைவி மெல்லத் திரும்பினாள். "என்னைப் பார்த்தா? எதுக்கு?"

"இந்த ஜன்னல்தான். நீ மெரூன் கர்ட்டன் மாட்டினப்ப நாங்க வாடகை வீட்டுல இருந்தோம்ல. தெருவுல நின்னு பார்த்தேன். உள்ள லைட் போட்டிருந்தே. அப்படியே ராணி வீடு மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே பிடிக்கல."

"சாப்பிடலையா?"

"சாப்பிடல."

அன்று சாயங்காலமே என் மனைவி பரணிலிருந்து வெல்வெட்டை இறக்கச் சொன்னாள். வெள்ளைச் சுவருக்கும் ஒல்லிக் கால் சோபாவுக்கும் நடுவில் மெரூன் திரை, மூன்று அடுக்கு ஃபிரில், தங்கக் குஞ்சம். எந்த நாட்டு ஸ்டைல் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அடைத்த ஓட்டையை நானே மறுபடி துளைத்தேன். கீழே குனிந்து பார்த்தேன், தரையில் சரியாகப் படிந்திருந்தது.

தங்கை பார்க்க வந்தாள். நடுக்கூடத்தில் நின்று அந்த ஜன்னலையே பார்த்தாள். என் மனைவி திரையைப் பார்க்கவில்லை, தங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்" என்றாள் கடைசியில். "அன்னிக்கு நிஜமாவே சாப்பிடலையா நீ?"