கிள்ளையில் மூன்று அறைகளும் எட்டாயிரம் ரூபாயும்

புத்தாண்டு விடுமுறைக்குப் பிச்சாவரம் போகலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை. குமரவேல் சொன்னான், சேகர் வழிமொழிந்தான். மூவரும் சிதம்பரத்தில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். குமரவேலுக்குக் காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். சேகர் புதுச்சேரியில் இருக்கிறான். நான் கடலூர் மஞ்சக்குப்பம். கிள்ளையில் மூன்று அறை கொண்ட வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வெள்ளி, சனி இரண்டு இரவுகள், அறைக்கு இரவொன்றுக்கு நாலாயிரம், மொத்தம் இருபத்து நாலாயிரம். விடுமுறைக் காலம் என்பதால் முழுத் தொகையும் முன்பணம். "நீ போட்டுடு மச்சான், அப்புறம் அனுப்புறோம்" என்றார்கள். போட்டேன். இதைப் படிக்கிற நீங்கள் போடாதீர்கள்.

புதன்கிழமை குமரவேலின் செய்தி வந்தது. மகள் இனியாவுக்குக் காய்ச்சலாம், வர முடியாதாம், மனசெல்லாம் எங்களோடுதான் இருக்குமாம். மனசுக்கு வாடகை கிடையாது என்று பதில் எழுதினேன். வியாழக்கிழமை சேகரிடமிருந்து இரண்டு கும்பிட்ட கைகள் மட்டும் வந்தன. கல்லூரியில் என் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போய் மணியில்லாமல் திருப்பிக் கொடுத்தபோதும் சேகர் இப்படித்தான் கும்பிட்டான். ஆளுக்கு எட்டாயிரம் பங்கு. இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நானும் என் மனைவி வசந்தியும் மட்டும் வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். இருவருக்கும் சேர்த்துத் தொண்ணூறு ரூபாய். ஆலப்பாக்கம் தாண்டும்போது நடத்துநர், வண்டி இன்று ஊருக்குள் போகாது, தேர் என்றார். எந்தத் தேர் என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி வரும் நடராஜர் தேர். சிதம்பரத்தில் நான்கு வருடம் படித்த மூன்று பேர், அறை எடுக்கும்போது ஒருவனுக்கும் நாள்காட்டியைப் புரட்டத் தோன்றவில்லை. வெள்ளி தேர், சனி தரிசனம். நாங்கள் எடுத்த அதே இரண்டு நாள்.

புறவழிச்சாலையில் இறங்கி, ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது கொடுத்துக் கிள்ளை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வீட்டுக்காரர் எட்வின் காத்திருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவுடன் தேநீர் கொடுத்தார், வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நான் நேராகப் பணத்துக்கு வந்தேன். இரண்டு அறை காலி, ஏதாவது திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன்.

"சார், இதே தேதிக்கு மூணு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். பணமா கேக்காதீங்க. ரூம் உங்களுது, யாரை வேணா கூட்டியாந்து தங்க வையுங்க. ஆதாரை மட்டும் என்கிட்ட காட்டிடணும்."

நியாயமான பேச்சு. ஆனால் கிள்ளையில் நான் யாரைக் கூட்டி வருவது? அந்தக் காலி அறைகளில் ஒன்றில் உட்கார்ந்து நண்பர்கள் இருவருக்கும் நீளமாக எழுதலாம் என்றிருந்தேன். வசந்தி விடவில்லை. இவ்வளவு தூரம் வந்து தேர் பார்க்காமல் சுவரைப் பார்ப்பீர்களா என்று இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

போனது நல்லதாயிற்று. கீழ வீதிக்குள் நுழைந்தபோது பதினொன்றரை இருக்கும். ஐந்து தேர்கள். முன்னால் பெண்கள் தெருவைக் கூட்டி, நீர் தெளித்து, கோலம் போட்டுக்கொண்டே போகிறார்கள். கோலம் காய்வதற்குள் ஆயிரம் கால்கள் அதை மிதித்துக்கொண்டு வருகின்றன. அடுத்த பத்தடியில் இன்னொரு கோலம். நடராஜர் தேர் அசைந்தபோது எழுந்த சத்தத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் எட்டாயிரமும் நினைவில்லை, பதினாறாயிரமும் நினைவில்லை. வடத்தைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. வசந்தி அதைப் படம் பிடித்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அதற்குப் பிறகு என் போனுக்குச் சிக்னல் இல்லை. கூட்டம் அப்படி.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். மேல வீதி முடிகிற முனையில் மீனவர் சமூகத்தினரின் மண்டகப்படிக்காகத் தேர் வெகுநேரம் நிற்கும். சாப்பிட அதுதான் நேரம். நாங்களும் ஒதுங்கினோம். இரண்டு பேர் சாப்பாடு இருநூற்று அறுபது. வெளியே வந்தபோது ஒரு லாட்ஜ் படிக்கட்டில் எட்டுப் பேர் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வசந்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஏங்க, அவுங்களுக்கு ரூம் இல்ல. உங்களுக்கு ஆள் இல்ல."

பெரியவர் பெயர் பொன்னுசாமி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு குடும்பம், ஒரு வேன். மறுநாள் தரிசனமும் முடித்து, ஞாயிறன்று திரும்புகிற திட்டம். அறைக்கு ஏழாயிரம் கேட்கிறார்கள், அதுவும் இல்லை என்கிறார்கள் என்றார். நான் கொடுத்த விலையையே சொன்னேன், ஒரு ரூபாய் கூட்டவில்லை. அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன கூட்டத்துல இந்த வெலைக்குத் தர்றீங்க? ரூமுல ஏதாச்சும் குத்தமுங்களா?"

"ரூம்ல இல்லைங்க, வரேன்னு சொன்னவங்க கிட்ட" என்றேன்.

இரண்டு அறை, இரண்டு இரவு, பதினாறாயிரம். அங்கேயே எண்ணிக் கொடுத்தார். எட்வினை வசந்தியின் போனில் பிடித்து, எட்டுப் பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வேனிலேயே கிள்ளைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. நஷ்டம் தீர்ந்தது. ஆனால் அந்த இருவர் மீதும் என் கோபம் அப்படியே முழுசாக இருந்தது. பணமும் கிடைத்து, கோபமும் மிஞ்சுவது எல்லோருக்கும் வாய்க்காது.

கிள்ளையில் இறங்கி, எட்வினிடம் ஆதாரைக் காட்டி, எட்டுப் பேரையும் அறைகளில் விட்ட பிறகுதான் சிக்னல் வந்திருந்த போனைப் பார்த்தேன். குமரவேலிடமிருந்து ஆறு அழைப்புகள். அதற்கும் முன்னால், மதியமே, என் கணக்கில் எட்டாயிரம் வரவு. அனுப்பியவன் குமரவேல். நான் திரும்ப அழைப்பதற்குள் வாசலில் அவன் கார் வந்து நின்றது. வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக வந்திருக்கிறான். முதலில் இறங்கியது இனியா. கையில் பஜ்ஜி.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"எனக்கு எப்ப மாமா காய்ச்சல்?" என்றாள்.

குமரவேல் டிக்கியைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சித்ரா வசந்தியின் ஸ்டேட்டஸில் தேரைப் பார்த்திருக்கிறாள். நமக்கென்று ஒரு அறை அங்கே சும்மா கிடக்கிறதே என்று கேட்டிருக்கிறாள். அவன் பணத்தை அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். அவன் அறையிலோ பொன்னுசாமியின் தம்பி குடும்பம் கால் நீட்டிப் படுத்திருந்தது.

வசந்திதான் சொன்னாள். குமரவேல் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நான் காசு குடுத்த ரூமை இன்னொருத்தருக்கு வித்துட்டியா?"

"நீ காசு குடுத்தது எனக்குத் தெரியாதுடா."

"வித்துட்டியா, இல்லியா?"

"வித்துட்டேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நிற்க முடியாமல் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொன்னுசாமி வெளியே வந்து விவரம் கேட்டு, எட்டுப் பேரும் ஒரே அறையில் இருந்துகொள்கிறோம், ஒன்றைத் திருப்பித் தருகிறோம் என்றார். குமரவேல் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்கள் மூவருக்கும் எங்கள் அறை, எனக்கும் குமரவேலுக்கும் கூடம் என்று முடிவாயிற்று. குமரவேல் கொண்டு வந்திருந்த முந்திரியை நெய்யில் வறுத்துப் பதின்மூன்று பேருக்கும் கொடுத்தான். எட்வின் மீன் குழம்பு அனுப்பினார், பொள்ளாச்சிக்காரர்கள் விரதம் என்று கும்பிட்டுவிட்டார்கள். அவர்கள் பங்கையும் நாங்களே பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிச்சாவரம். கிள்ளையிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது. ஐந்து பேருக்குத் துடுப்புப் படகு எண்ணூறு ரூபாய் ஆயிற்று. கட்டணம் மாறும், பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் தண்ணீர் நிறைந்திருந்தது. சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து மேலே கூரை போட்டிருக்கும் கால்வாய்க்குள் போகும்போது குனிய வேண்டும். குனிய மறந்த குமரவேலின் நெற்றியில் கிளை அடித்தது. அந்த ஓசை எனக்கு இதமாக இருந்தது.

அங்கேதான் அவனைக் கேட்டேன், ஏன் வரவில்லை என்று சொன்னாய் என்று. அவன் தண்ணீரைப் பார்த்தான். சித்ரா சொல்லிவிட்டாள்.

"சேகர் அண்ணன் வரலன்னு இவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. ரெண்டு நாளும் உங்க பழைய கதையெல்லாம் இவர் ஒருத்தரே உக்காந்து கேக்கணுமேன்னு பயந்துட்டாரு அண்ணா."

இதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. சைக்கிள் மணி விஷயம் உண்மை, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். வசந்தி படகு ஆடும் அளவுக்குச் சிரித்ததுதான் அதிகம்.

மாலை நான்கு மணிக்குத் தரிசனம். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். நெரிசல்தான், ஆனால் யாரும் யாரையும் திட்டவில்லை. நடராஜரும் அம்மனும் ஆடியபடியே உள்ளே போன அந்தச் சில நிமிடங்களில் குமரவேல் என் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தான். இனியாவைத் தூக்கிக் காட்ட முடியாத வயது, அவளும் என் இன்னொரு தோளில் தொங்கினாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது போனை எடுத்தேன். கணக்கு இதுதான். நான் கொடுத்தது இருபத்து நாலாயிரம். பொன்னுசாமி தந்தது பதினாறாயிரம், குமரவேல் தந்தது எட்டாயிரம். என் அறை இலவசமாகிவிட்டது, தன் அறைக்கு முழு வாடகை கொடுத்த குமரவேல் கூடத்தில் பாயில் படுத்தான். எட்டாயிரத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அனுப்பாத மச்சான். முப்பது வருஷமா நீதான் எங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கினு இருக்க. இனிமே நான் சொல்றேன். காசு குடுத்தவனை ரூமுக்கு வெளிய படுக்க வச்சவன் நீன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

இது போன்ற பயணம் போக இருப்பவர்களுக்கு: பங்குப் பணம் கைக்கு வந்த பிறகு அறை எடுங்கள். வராவிட்டால் வேறு ஆளைத் தங்க வைக்கலாமா என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பணத்தைத் திருப்பித் தராதவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பார்கள். ஊர்த் திருவிழா எப்போது என்று பாருங்கள், காலி அறைக்கு ஆள் தேடும்போது அதுதான் கை கொடுக்கும். அறையை மாற்றிக் கொடுப்பதற்கு முன் வரமாட்டேன் என்றவனை ஒருமுறை அழைத்துவிடுங்கள், சிக்னல் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் போனிலாவது.

சேகர் இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை. அவன் பங்கும் எனக்கு வந்துவிட்டது என்று யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். குமரவேலுக்கு ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்ததுமே எட்டாயிரத்தை அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் எட்டாயிரத்தொன்றாகத் திருப்பி அனுப்பினான். மொய் மாதிரி ஒரு ரூபாய் சேர்த்திருக்கிறானாம். அந்த ஒரு ரூபாய்க்கு நான் கடன்படுவதா? எட்டாயிரத்து இரண்டு அனுப்பினேன். இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் எட்டாயிரத்துப் பதினேழு ரூபாய் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் இருங்கள், அனுப்பிவிடுகிறேன்.